ரோமாபுரி நாட்கள் – 17: பேரரசர் மீது பறந்த ரொட்டி

கி.பி. 51. ரோம் நகரின் ஃபோரம் சதுக்கத்தில் பேரரசர் கிளாடியஸ் வழக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறார். கூட்டம் நெருக்குகிறது. முதலில் வசவு, அப்புறம் காய்ந்த ரொட்டித் துண்டுகள் பறந்து வருகின்றன. வீரர்கள் புகுந்து அவரை மீட்டார்கள். அரண்மனைக்குப் பின்வாசல் வழியாகத்தான் போய்ச் சேர முடிந்தது. பிரிட்டனை வென்ற பெருமைக்காக இதே நகரில் வெற்றி ஊர்வலம் வந்தவர் அவர்.

பசியில் இருப்பவன் கையில் எறிவதற்கு ரொட்டி ஏது என்று கேட்கத் தோன்றும். கடித்தால் பல் பெயரும் பழைய துண்டுகளாக இருந்திருக்க வேண்டும். விஷயம் என்னவென்றால், அன்று நகரக் களஞ்சியங்களில் 15 நாளைக்கான தானியம்தான் மிச்சம் இருந்தது. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

சென்ற வாரம் குளியல் கூடங்களில் நேரம் போனதே தெரியாமல் இருந்துவிட்டோம். இந்த வாரம் வயிற்றைக் கவனிப்போம்.

ரோமானியர்கள் ஆதியில் ரொட்டி தின்னிகள் அல்லர், கூழ் குடித்தவர்கள். கோதுமை வகை ஒன்றை இடித்துக் காய்ச்சிய கஞ்சிதான் அவர்களுடைய பழைய உணவு. மாசிடோனியாவின் மன்னன் பெர்சியஸோடு நடந்த போர்க்காலம் வரை, அதாவது கி.மு. 170-களை ஒட்டி, ரோமில் ரொட்டிக் கடைக்காரர் என்று ஒருவர்கூட இல்லை, பெண்கள் வீட்டிலேயே சுட்டார்கள் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. அதன்பிறகு நகரம் வீங்கியது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர். பெரும்பாலோர் குடியிருந்தது மாடிமேல் மாடி அடுக்கிய வாடகை அறைகளில். அடுப்பு மூட்டினாலே கட்டடம் பற்றிக்கொள்ளும் அறைகள். அங்கே ரொட்டி சுட இடம் ஏது?

இந்தக் கூட்டத்தின் வயிறு அரசியலுக்குள் நுழைந்தது கி.மு. 123-இல். மக்களின் பிரதிநிதியான டிரிப்யூன் பதவியில் இருந்த கயஸ் கிராக்கஸ், குடிமக்களுக்கு மாதந்தோறும் குறைந்த விலையில் கோதுமை தரச் சட்டம் கொண்டுவந்தார். செனட்டின் பணக்காரர்கள் கொதித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் கிராக்கஸின் உயிர் போயிற்று. கோதுமை மட்டும் போகவில்லை. நடுவில் சர்வாதிகாரி சுல்லா நிறுத்திப் பார்த்தார், முடியவில்லை. கி.மு. 58-இல் இன்னொரு டிரிப்யூனான குளோடியஸ் ஒரேயடியாக விலையையே எடுத்துவிட்டார். ஒருவருக்கு மாதம் 5 மோடியஸ். மோடியஸ் என்பது அவர்களுடைய மரக்கால். 5 சேர்ந்தால் நம் கணக்கில் சுமார் 33 கிலோ.

இலவசம் என்றதும் பட்டியல் நீண்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எஜமானர்கள் தங்கள் அடிமைகளை வரிசையாக விடுதலை செய்தார்கள். கருணையால் அல்ல. விடுதலை பெற்றவன் குடிமகன்; அவனுக்கு அரசு கோதுமை அளக்கும்; வேலை பழையபடி எஜமானனுக்கே நடக்கும். ஜூலியஸ் சீசர் ஆட்சிக்கு வந்தபோது பட்டியலில் 3,20,000 பேர் இருந்தார்கள். வாடகைக் கட்டடங்களின் உரிமையாளர்களைக் கொண்டு வீதி வீதியாகக் கணக்கெடுத்து அதை 1,50,000-ஆக வெட்டினார். பெயர் விடுபட்டவர்கள் சீசரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அகஸ்டஸ் கடைசியில் 2 லட்சத்துக்குச் சற்று மேல் என்று நிறுத்தினார். பிற்காலத்தில் மினூசியா மண்டபத்தில் எந்த நாள், எந்த வாசல் என்று ஒவ்வொருவருக்கும் முறை வைத்துத்தான் அளந்தார்கள். அந்த நாளையும் வாசல் எண்ணையும் கல்லறையில் பொறித்துக்கொண்டவர்கள்கூட உண்டு. பட்டியலில் பெயர் இருப்பது அத்தனை கௌரவம்.

ரோம மக்களுக்கு ரொட்டியும் விளையாட்டும் இருந்தால் போதும், வேறு கவலையில்லை என்று கிண்டலடித்தவர் கவிஞர் ஜுவெனால். அன்றிலிருந்து எல்லாரும் அதையே திருப்பிச் சொல்லி, ரோமானியன் உட்கார்ந்து தின்றே கெட்டான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. வயலில் உழைக்கும் அடிமைக்கே மாதம் 4 மோடியஸ் கொடு என்று எழுதினார் செனட்டர் பெரிய கேட்டோ. அவர் தாராள மனசுக்குப் பேர்போனவர் அல்லர். அப்படியானால் 5 மோடியஸ் ஒரு குடும்பத்துக்கு எங்கே காணும்? பெண்களுக்குப் பங்கு கிடையாது. வாடகை, எண்ணெய், விறகு எல்லாம் கைக்காசு. உழைக்காமல் அந்த ஊரில் வாழ முடிந்தவர்கள் செனட்டர்கள்தான்.

இவ்வளவு கோதுமை எங்கிருந்து வந்தது? சிசிலி, வட ஆப்பிரிக்கா, எகிப்து. ஆண்டில் 8 மாதம் ஆப்பிரிக்காவும் 4 மாதம் எகிப்தும் ரோமுக்குச் சோறு போட்டன என்று வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதினார். அதனால்தான் அனுமதியில்லாமல் எந்தச் செனட்டரும் எகிப்தில் கால் வைக்கக் கூடாது என்று அகஸ்டஸ் தடை போட்டார். அலெக்சாந்திரியாவைப் பிடித்தவன் ரோமின் கழுத்தைப் பிடித்தவன். கி.பி. 69-இல் அரியணைப் போட்டியில் இருந்த தளபதி வெஸ்பாசியன் அதைத்தான் செய்தார்: எகிப்தில் உட்கார்ந்துகொண்டு தலைநகருக்குப் போகும் தானியத்தைக் கையில் வைத்துக்கொண்டார். (முசிறி மிளகு ரோமுக்குப் போனதும் இதே அலெக்சாந்திரியா வழியாகத்தான். அது பெரிய கதை, தனியாகப் பார்ப்போம்.)

இந்தக் கப்பல்களில் ஒன்றை விவிலியம் படித்தவர்கள் அறிவார்கள். கைதியாக ரோமுக்குப் போன அப்போஸ்தலர் பவுல், லீசியாவின் மீரா துறைமுகத்தில் ஏறியது அலெக்சாந்திரியாக் கப்பலில். பருவம் தவறிய பயணம். கப்பலில் 276 பேர். புயலில் சிக்கியதும் கோதுமையைக் கடலில் கொட்டினார்கள். ஆள் தப்பியது, கப்பல் மால்டாக் கரையில் உடைந்தது. குளிர்காலத்தில் கடலில் இறங்க எந்த முதலாளியும் துணிய மாட்டான் என்பதால், புயலில் வரும் நஷ்டத்தைத் தானே ஏற்பதாகக் கிளாடியஸ் அறிவித்தார். டைபர் ஆற்றின் முகத்துவாரத்தில் போர்ட்டஸ் என்ற செயற்கைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியதும் அவர்தான். கடல் சும்மா விடவில்லை: கி.பி. 62-இல் அந்தத் துறைமுகத்துக்குள்ளேயே சுமார் 200 கப்பல்கள் புயலில் நாசமாயின.

பக்கத்து ஊரான ஓஸ்டியாவின் கல்லறை ஒன்றில் கிடைத்த சுவரோவியம் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'இசிஸ் கிமினியானா' என்ற ஆற்றுப் படகு. பின்பக்கம் சுக்கானோடு தலைவன் ஃபார்னசெஸ். நடுவில் ஒருவன் மூட்டையைக் கவிழ்த்து மரக்காலில் தானியம் கொட்டுகிறான். முன்பக்கம் இன்னொருவன் கையைத் தூக்குகிறான். தலைக்குமேல் ஒரே சொல், 'முடித்தேன்' என்ற பொருளில். சுமைகூலிக்காரனின் பேச்சு இப்படி எழுத்தில் நமக்கு வந்து சேர்வது அபூர்வம்.

சரி, கோதுமை வந்துவிட்டது. மாவாக்குவது யார்?

வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-இல் மூடிய பாம்பேய் நகரில் இதுவரை 30-க்கு மேற்பட்ட ரொட்டிக்கூடங்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். 1862-இல் அவற்றில் ஒன்றின் அடுப்புக்குள் 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே இருந்தன. வட்ட ரொட்டி, பிய்த்துத் தர வசதியாக மேலே எட்டு வெட்டு. பக்கத்தில் ஆலைக்கற்கள். அடிக்கல் கூம்பாகத் தரையில் ஊன்றியிருக்கும். மேல்கல் உடுக்கை வடிவம். உடுக்கையின் மேல்வாயில் கோதுமையைக் கொட்டி, இடுப்பில் மரச்சட்டம் செருகிச் சுற்றினால், இரண்டு கல்லுக்கும் நடுவே அரைபட்டு மாவு கீழே வழியும். எரிமலைக் கல் என்பதால் தேய்ந்தாலும் சொரசொரப்பு போகாது. அந்தக் கல்தூள் ரொட்டிக்குள் போய் ரோமானியர்களின் பல்லைத் தேய்த்தது.

சட்டத்தில் பூட்டியது கண் கட்டிய கழுதையை. கழுதை போதாவிட்டால் மனிதனை. 2023-இல் பாம்பேயில் வெளிப்பட்ட ஒரு ரொட்டிக்கூடத்தில், வெளியே பார்க்க வழியில்லாத அறை. உயரத்தில் சின்னச் சன்னல், அதற்கும் இரும்புக் கம்பி. ஆலைகளைச் சுற்றித் தளத்தில் வெட்டுக்குழிகள்: விலங்குகள் எங்கே கால் வைக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். அபுலேயஸ் எழுதிய நாவலில் கழுதையாக மாறிய கதாநாயகன் இப்படியோர் ஆலையில் வந்து மாட்டிக்கொண்டு, அங்கிருந்த அடிமைகளைப் பார்க்கிறான். நெற்றியில் சூட்டுக்குறி, காலில் விலங்கு, முதுகெல்லாம் சாட்டைத் தழும்பு, உடம்பு முழுக்க மாவு அப்பியிருக்கிறது. கற்பனைக் கதைதான், ஆனால் அந்தக் கம்பிச் சன்னலைப் பார்த்தபின் அதைக் கற்பனை என்று ஒதுக்க மனம் வரவில்லை.

ஆண்டுக்கு ஒருநாள், ஜூன் 9 அன்று, வெஸ்டா தேவியின் திருநாளில் ஆலைகள் ஓயும். கழுதைக்குப் பூமாலையோடு ரொட்டி மாலையும் போடுவார்கள்; ஏறக்குறைய மாட்டுப் பொங்கல். அடிமைக்கு மாலை போட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. பாம்பேய்ச் சுவரொன்றில் யாரோ கிறுக்கிய அன்றாடச் செலவுக் கணக்கில், வீட்டுக்கு வாங்கிய ரொட்டி ஒரு வரி. அடிமைக்கு வாங்கிய ரொட்டி தனி வரி, விலை குறைந்தது.

இதே தொழிலில் கோடீஸ்வரர்களும் உண்டு. ரோமின் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலுக்கு வெளியே 10 மீட்டர் உயரத்தில் ஒரு விசித்திரக் கல்லறை நிற்கிறது. மார்கஸ் வெர்ஜிலியஸ் யூரிசசெஸ், ரொட்டி ஒப்பந்தக்காரர், அநேகமாக முன்னாள் அடிமை. சுவர் முழுக்க வட்ட வட்டத் துளைகள். மாவு பிசையும் தொட்டிகளைக் காட்டுகின்றன என்பது பலர் கருத்து. மேலே புடைப்புச் சிற்ப வரிசையில் தானியம் வாங்குவது முதல் அரைத்து, சலித்து, பிசைந்து, உருட்டி, சுட்டு, நிறுத்துக் கொடுப்பது வரை எல்லாம் இருக்கிறது. பிரபுக்கள் தங்கள் கல்லறையில் வகித்த பதவிகளை அடுக்குவார்கள். இவர் தொழிலையே அடுக்கிவிட்டார். அலங்காரம் அதிகம் என்று முகம் சுளிக்கும் கலை விமர்சகர்கள் உண்டு. எனக்கு ரோமில் இருக்கும் கல்லறைகளிலேயே இதுதான் பிடிக்கும்.

3-ஆம் நூற்றாண்டில் பேரரசர் அரேலியன், தானியத்துக்குப் பதில் சுட்ட ரொட்டியாகவே தினமும் கொடுக்க வழி செய்தார். மக்களுக்கு வசதி, ரொட்டிக்காரர்களுக்குத் தளை. தந்தைக்குப் பின் மகன் அதே தொழில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டிப்போட்டது. கூலிக்கு ஆள் கிடைக்காமல் ஆலைக்காரர்கள் செய்த ஒரு காரியத்தைத் திருச்சபை வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் (தத்துவஞானி அல்ல, இவர் 5-ஆம் நூற்றாண்டுக்காரர்) சொல்கிறார். ஆலையை ஒட்டி மதுக்கடை வைத்தார்களாம். குடிக்கவும் பெண் தேடியும் வந்த வெளியூர்க்காரன் பொறிக்கதவு வழியாகக் கீழே ஆலைக்குள் விழுவான். ஆயுள் முழுக்க மாவாட்ட வேண்டியதுதான். பேரரசர் தியோடோசியஸின் படைவீரன் ஒருவன் அப்படி விழுந்து, கத்தியை உருவித் தடுத்தவர்களைக் குத்திவிட்டு வெளியே வந்தபிறகுதான் குட்டு உடைந்தது. பேரரசர் அந்தக் கட்டடங்களை இடிக்கச் சொன்னார்.

கி.பி. 439-இல் வாண்டல்கள் கார்த்தேஜைப் பிடித்ததும் ஆப்பிரிக்கக் கோதுமை கைவிட்டுப் போனது. நகரம் சுருங்கத் தொடங்கியது. 537-இல் கோத்துகள் ரோமை முற்றுகையிட்டு, நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களை வெட்டினார்கள். அந்தத் தண்ணீரில் சுற்றிய ஜனிகுலம் குன்றின் ஆலைகள் நின்றன. கழுதையைப் பூட்டலாம் என்றால் தீவனம் இல்லை. தளபதி பெலிசாரியஸ் ஆற்றில் இரண்டிரண்டு படகுகளைக் கயிற்றால் பிணைத்து நிறுத்தி, நடுவே சக்கரத்தை மாட்டி, டைபரின் ஓட்டத்திலேயே அரைக்க வைத்தார். கோத்துகள் மேலேயிருந்து மரங்களையும் பிணங்களையும் மிதக்கவிட்டுச் சக்கரங்களை உடைத்தார்கள். அவர் ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டி அவற்றைத் தடுத்தார். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த முற்றுகையில் நகரம் விழவில்லை. அந்த மிதக்கும் ஆலைகளின் வாரிசுகள் 19-ஆம் நூற்றாண்டு வரை டைபரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தன.

(தொடரும்)