மகப்பேற்றுச் செலவு யாருடையது?
பம்பாய்ச் சட்டசபையில் எழுந்த ஒரு வினாவும் அதன் வழித்தோன்றல்களும்

பம்பாய் மாநகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் துறைமுகத்தைப் பற்றி எழுதுவர். பஞ்சாலைகளைப் பற்றி எழுதுவர். ஆலை முதலாளிகளின் கொடைத் திறத்தைப் பற்றியும் விரிவாக எழுதுவர். அவ்வாலைகளில் நூல் சுற்றிய பெண்கள் மகப்பேற்றின்பொருட்டு வேலையை விட்டு நின்ற நாள்களில் எதை உண்டனர் என்று எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் அவ்வினா ஒருகாலத்தில் இந்நகரத்துச் சட்டசபையிலேயே எழுந்தது, விவாதிக்கப்பட்டது, ஒரு சட்டமாகவும் முடிந்தது. மும்பை என இன்று நாம் அழைக்கும் இந்நகருக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

நம்மவர் பஞ்சாலைகளில் பெருந்தொகையினராய் இருந்தவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நேர்மை. ஆலைத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் கொங்கணத்து இரத்தினகிரியிலிருந்தும் தக்காணத்து மராட்டியச் சீமையிலிருந்தும் வந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் பலர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் நிலைத்தனர். எழுத்தறிவு பெற்றோர் மாதுங்காவில் குடியமர்ந்து கோட்டைப் பகுதி அலுவலகங்களில் கணக்கும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பார்த்தனர். எனினும் சட்டம் ஆலைப் பெண்ணுக்காகப் பிறந்து, பிறகு அலுவலகப் பெண்ணுக்கும் வந்தது. தாராவிப் பெண்ணுக்கு எவ்வளவு வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1919ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு முதன்முறையாகக் கூடிற்று. பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்றும், அக்காலத்தில் அவள் உயிர்வாழப் பணம் வேண்டும் என்றும் அங்கே ஓர் உடன்பாடு வகுக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளர் சார்பில் அம்மாநாட்டில் அமர்ந்திருந்தவர் பம்பாயின் என். எம். ஜோஷி. இந்தியா அவ்வுடன்பாட்டை ஏற்கவில்லை. ஆலைப் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிவிப்பதாக மட்டும் கூறிற்று. அதன்பொருட்டுப் பம்பாய் அரசாங்கம் டாக்டர் பார்ன்ஸ் என்னும் பெண் மருத்துவரை அமர்த்தியது. 1922இல் வெளிவந்த அவருடைய அறிக்கை வாசிக்கச் சுகமானதன்று. காற்றும் ஒளியும் புகாத ஒற்றை அறைச் சாலுகளில் நிகழ்ந்த பேறுகளையும், வேலைக்குப் போகும் தாய் தன் குழந்தை அழாமல் உறங்கிக் கிடக்க அதற்கு அபினி கொடுத்துச் சென்ற வழக்கத்தையும் அவர் பதிவு செய்தார். அத்தாயைக் கல்நெஞ்சினள் என்று நாம் சொல்ல இயலுமா? ஒரு நாள் வேலைக்குப் போகாவிடில் ஒரு நாள் கூலி இல்லை. அவ்வளவே கணக்கு.

ஜோஷி 1924இல் மத்திய சட்டசபையில் மகப்பேற்று உதவி மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டே அது தோற்கடிக்கப்பட்டது. தில்லியில் அடைபட்ட கதவைப் பம்பாயில் தட்டிப் பார்த்தனர். 1928ஆம் ஆண்டு பம்பாய் மாகாணச் சட்டசபையின் முன் அத்தகையதொரு மசோதா வந்தது.

அவ்வாண்டின் சூழலை நினைவிற்கொள்ள வேண்டும். ஏப்ரல் மாதம் தொடங்கி அக்டோபர் வரை பம்பாய்ப் பஞ்சாலைகளில் பொது வேலைநிறுத்தம் நடந்தது; ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொழிலாளர் வெளியே நின்றனர். ஒரே ஆளிடம் மேலும் அதிக இயந்திரங்களை ஒப்படைக்கும் முறையை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. ஆலைகளின் புகைபோக்கிகள் புகையின்றி நின்ற அந்த ஜூலை மாதத்தில், 28ஆம் நாள், டாக்டர் அம்பேத்கர் இம்மசோதாவை ஆதரித்துச் சட்டசபையில் பேசினார். அவர் அப்போது நியமன உறுப்பினர், வயது 37. குடியிருந்ததோ பரேலில், ஆலைத் தொழிலாளர் நடுவே, ஒரு சால் வீட்டில். (1930களில் அவர் கட்டிய ‘ராஜகிருகம்’ தாதர் இந்து காலனியில் உள்ளது, மாதுங்கா அன்பர்கள் நடந்தே போய்ப் பார்த்துவரலாம்.)

எதிர்த்தவர்கள் வைத்த வாதங்கள் இன்றும் நம் காதுக்குப் பழக்கமானவையே. தொழிலால் இச்சுமையைத் தாங்க முடியாது. ஒரு மாகாணம் மட்டும் இதனைச் செய்தால் அம்மாகாணத்து ஆலைகள் போட்டியில் பின்தங்கும். முதலாளிகள் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்கள். இவற்றை எதிர்கொண்ட அம்பேத்கர், பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நலனைச் சார்ந்தது என்றார். மக்கள் நலனைக் காப்பது அரசாங்கத்தின் தலையாய கடமையாதலால் இச்செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் முதலாளியை அறவே விடுவிக்க அவர் உடன்படவில்லை. சில வேலைகளுக்கு ஆண்களைவிடப் பெண்களை அமர்த்துவதில் தமக்கு ஆதாயம் உண்டு என்று கண்டே முதலாளி பெண்களை அமர்த்துகிறார்; ஆதாயத்தைக் கொள்கிறவர் செலவிலும் ஒரு பங்கைக் கொள்ளுதல் முறை என்பது அவர் வாதம். இரக்கத்தை வேண்டிய பேச்சன்று அது. பொருளியல் கற்றவர் ஒருவர் வரவு செலவுக் கணக்கை எடுத்து வைத்த பேச்சு.

1929ஆம் ஆண்டு பம்பாய் மகப்பேற்று உதவிச் சட்டம் நிறைவேறியது. தொழிற்சாலைப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 8 அணா. பேற்றுக்கு முன் மூன்று வாரமும் பின் நான்கு வாரமும். இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் முதலாவது இதுவே. அடுத்த ஆண்டு மத்திய மாகாணமும், 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணமும் இதே வழியைப் பின்பற்றின. ஆனால் நிறைவேறிய சட்டம் முழுச் சுமையையும் முதலாளியின் தலையில் வைத்தது. அரசாங்கம் ஒரு அணாவும் தரவில்லை. அம்பேத்கர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு மற்றப் பாதியை விட்டுவிட்டார்கள் என்றே கொள்ளவேண்டும்.

அதன் விளைவு யாது? 1920களில் பம்பாய் ஆலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். அதன்பின் அப்பங்கு ஆண்டுதோறும் தேய்ந்தது. இயந்திரங்களைச் சீரமைத்ததும், பெண்களை இரவு வேலைக்கு அமர்த்தலாகாது என்ற தடையும் அதற்குக் காரணங்கள். மகப்பேற்றுச் செலவைத் தவிர்க்க நினைத்த மனமும் ஒரு காரணம். எதிர்த்தவர்கள் சொன்னது ஓரளவு பலித்தது எனலாம். அதனால் சட்டம் தவறு என்று ஆகிவிடாது. செலவை யார்மேல் வைத்தார்கள் என்பதிலேயே தவறு இருந்தது.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்தார். அப்போது அவர் நின்ற இடம் எளிதானதன்று. போர்க்காலத்து நிலக்கரித் தட்டுப்பாட்டினால் சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்யலாகாது என்ற தடையை அரசாங்கம் 1943இல் நீக்கியது. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் இது கடுமையாகக் கண்டிக்கப்பட்டபோது மறுமொழி கூற வேண்டியவர் அவரே. ஆணுக்குள்ள அதே கூலியைப் பெண்ணுக்கும் கொடுக்கிறோம் என்பதை அவர் தம் பக்கத்து நியாயமாகக் காட்டினார். சம வேலைக்குச் சமக் கூலி என்னும் கொள்கை ஒரு தொழிலில் நிலைபெற்றது அங்கேதான் முதன்முறை என்பது அவர் கருத்து. கொள்கை உயர்ந்தது, அது நடைமுறைக்கு வந்த இடமோ பூமிக்கடியில் இருந்தது. 1946இல் தடை மீண்டும் வந்தது.

இனிக் குடும்பச் சட்டத்திற்கு வருவோம். இதிலும் பம்பாய் முந்திக்கொண்டது. இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் இங்கே 1946இல் வந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் 1949இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கே குற்றமாயிருந்த செயல் ஊரில் குற்றமன்று! ஊரில் ஒரு மனைவியும் பட்டணத்தில் ஒரு மனைவியுமாக வாழ்ந்தவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தனர். நம்மிடையே இல்லை என்று சாதிப்பது வீண். இச்சட்டம் இந்துக்களை மட்டும் கட்டுவதால் சமத்துவத்திற்கு மாறானது என்று வழக்கு எழுந்தபோது, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சாக்ளாவும் நீதிபதி கஜேந்திரகட்கரும் அவ்வாதத்தை மறுத்தனர். நரசு அப்பா மாலி வழக்கு எனச் சட்ட மாணவர் அறிவது அதுவே, ஆண்டு 1951. சீர்திருத்தத்தைப் படிப்படியாகச் செய்ய அரசுக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் ஒரு கூறு.

அதே 1951 செப்டம்பரில், இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் கைவிடப்பட்ட மனக்கசப்போடு அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தார். மசோதாவோ இறக்கவில்லை. துண்டு துண்டாக 1955இலும் 1956இலும் திருமணம், வாரிசுரிமை, காப்பாளர், தத்தெடுப்பு என நான்கு சட்டங்களாக நிறைவேறிற்று. வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கு மகனோடு ஒத்த பங்கு தந்தது. கூட்டுக் குடும்பத்துப் பூர்விகச் சொத்திலோ பிறப்புரிமை மகனுக்கே நின்றது. அதை மாற்றத் தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தியது. மகாராஷ்டிரம் 1994இல் திருத்தியது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல்தான் வந்தது. நெல்லையில் நஞ்சையும் செம்பூரில் வீடும் உடைய குடும்பங்கள் இவ்வாண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்வது நலம். சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 1967ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரியது என்பதும் இங்குள்ளோர் பலர் கருதிப் பாராத செய்தி.

மகப்பேற்றுக்குத் திரும்புவோம். நாடு முழுமைக்குமான மகப்பேற்று உதவிச் சட்டம் 1961 டிசம்பரில் வந்தது. வாஷிங்டன் மாநாடு சொன்ன 12 வாரம் 42 ஆண்டுகளுக்குப் பின் இந்தியச் சட்டமாயிற்று. சராசரி நாட்கூலி அல்லது ஒரு ரூபாய், இவற்றுள் எது மிகுதியோ அது தொகை. செலவு மறுபடியும் முதலாளியுடையதே. 1952ஆம் ஆண்டு அனைத்துலக உடன்பாடு, தனி முதலாளியின்மேல் இச்செலவைச் சுமத்தலாகாது. பொது நிதியோ காப்பீடோ ஏற்கவேண்டும் என்று சொல்லியிருந்தும் நாம் பழைய வழியிலேயே சென்றோம். 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்தவர்களுக்கு மட்டும் காப்பீட்டு நிதி பணம் தந்தது.

ஏட்டிலுள்ள சமத்துவத்தை வழக்குமன்றம் ஏறிப் பெற்றவர்களும் இந்நகரத்தில் உண்டு. பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்கள், முதல் கருவுற்றவுடனேயே வேலை போகும் என்ற விதியை எதிர்த்தனர். உச்சநீதிமன்றம் 1981இல் அவ்விதியை நீக்கியது. பணியேற்ற நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்ற விதியையோ விட்டுவைத்தது. மக்கின்னன் மக்கென்சி என்னும் கப்பல் நிறுவனத்தில் பெண் சுருக்கெழுத்தாளர்க்கு ஆண் சுருக்கெழுத்தாளரைவிடக் குறைந்த ஊதியம் என்ற வழக்கு 1987இல் பெண்களுக்குச் சார்பாய் முடிந்தது; சமக் கூலிச் சட்டம் வந்து அப்போது பதினொரு ஆண்டு ஆகியிருந்தது. சுருக்கெழுத்தால் வாழ்வு பெற்ற மாதுங்காக் குடும்பங்கள் எத்தனை என்பதை எண்ணினால் இத்தீர்ப்பின் அருமை விளங்கும். நாட்கூலிப் பெண்ணுக்கும் மகப்பேற்று உதவி உண்டு என்பதைத் தில்லி மாநகராட்சி வழக்கில் உச்சநீதிமன்றம் 2000இல் உறுதி செய்தது.

2016 ஆகஸ்டில் மாநிலங்களவையும் 2017 மார்ச்சில் மக்களவையும் ஒப்பிய திருத்தத்தால் 12 வாரம் 26 வாரமாயிற்று. இரண்டு குழந்தைகள் வரை 26. அதற்கு மேல் 12. ஐம்பது பேர் பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். அப்போதும் அரசு தன் பங்காக எதையும் ஏற்கவில்லை. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவ்விதிகளைத் தன்னுள் வாங்கிக்கொண்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், பத்துப் பேருக்குக் குறையாத கடை அல்லது அலுவலகம்: 26 வார விடுப்பின் எல்லை இவ்வளவே. தாராவியில் வீட்டு வாசலில் அப்பளம் இடுபவள், துணி தைத்துக் கொடுப்பவள், பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுப்பவள், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவள் ஆகிய எவளும் அவ்வெல்லைக்குள் வாராள். அவளுக்கு முதலாளி என்று ஒருவர் இருந்தாலும் அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. ஆதலின் இவள் திறத்தில் 1928ஆம் ஆண்டு வாதத்தின் விடுபட்ட பாதியே பயன்படும். அரசாங்கமே கொடுத்தல் வேண்டும்.

அவ்வழியில் தமிழ்நாடு முன்னே சென்றது. சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987இல் தொடங்கிய திட்டம் ஏழைத் தாய்மார்க்கு அரசு நிதியிலிருந்தே பணம் தருகிறது. அத்தொகை பின்னர் 18,000 ரூபாயாக உயர்ந்தது. மத்திய அரசைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்று விதித்தது. 2017இல் வந்த பிரதமர் தாய்மை வந்தனத் திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என வகுத்தது. மருத்துவமனையில் பிள்ளை பெறுவோர்க்கு வேறொரு திட்டம் தரும் தொகையையும் சேர்த்தால் சராசரி 6,000 ஆகிவிடும் என்பது அரசு கூறும் கணக்கு.