வணிகத் தரவுப் பரிமாற்றம்: பொது மொழியும் நம்பிக்கையும்

ஒரு நிறுவனத்தின் கணனி அச்சிட்ட கொள்வனவுக் கட்டளையை மற்றொரு நிறுவனத்தின் எழுதுவினைஞர் மீண்டும் தம் கணனியிற் பதியும் நிலை நெடுங்காலம் நிலவியது. இவ்விரட்டை உழைப்பையும் அதனால் விளையும் பிழைகளையும் நீக்கும் பொருட்டு, ஐக்கிய அமெரிக்காவின் போக்குவரத்துத் தொழிற்றுறையினர் 1968 இல் தரவு ஒருங்கிணைப்புக் குழுவொன்றை அமைத்தனர். ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் உருவான எடிபாக்ட் விதிமுறை 1987 இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. ஆயினும் இம்முறைகளுக்குத் தனி வலையமைப்பும் மிகுந்த செலவும் வேண்டியிருந்தமையாற் பெருநிறுவனங்களே பெரிதும் பயனடைந்தன.

இணையம் பரவியபின் நிலைமை மாறியது. 1998 இல் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழி நியமமாயிற்று. அதனை அடிப்படையாகக் கொண்ட சோப் நெறிமுறையின் 1.1 ஆம் பதிப்பு 2000 இல் வெளிவந்தது. வெவ்வேறு கணனிமொழிகளில் எழுதப்பட்ட செய்நிரல்கள் சாதாரண இணைய வழியாகவே தரவு கேட்கவும் கொடுக்கவும் தலைப்பட்டன. இதுவே இணையச் சேவை எனப்பட்டது.

அதே ஆண்டில் ஐ.பி.எம்., மைக்ரோசொப்ற், அரிபா ஆகிய நிறுவனங்கள் யூ.டி.டி.ஐ. என்னும் பொதுப் பதிவேட்டுத் திட்டத்தை முன்வைத்தன. முன்பின் அறியாத வணிகர் அதனூடாக ஒருவரையொருவர் கண்டறிந்து கணனிகளை இணைத்துக்கொள்வர் என எதிர்பார்க்கப்பட்டது. அப்பொதுப் பதிவேடு 2006 இல் மூடப்பட்டது. இணையச் சேவைகளோ, முன்னரே உடன்படிக்கை செய்துகொண்டோரிடையே தொடர்ந்து வளர்ந்தன.

தரவின் வடிவத்தை நியமக் குழுக்கள் வகுத்துவிடலாம். யாருக்கு எதனைத் தருவது, தந்த தரவு பிழையாயின் யார் பொறுப்பு என்பனவற்றை வணிகர் தம்முட் பேசியே தீர்த்தல் வேண்டும் என்பதனை இவ்வரலாறு உணர்த்துகின்றது.