ஸ்லீப் டிரெயின்

ஸ்லீப் டிரெயின் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இயங்கிய மெத்தை விற்பனைக் கடைத்தொடர் ஆகும். 1985 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் தலைநகரான சேக்ரமெண்டோவில் டேல் கார்ல்சன் என்பவரால் தொடங்கப்பட்டது.

மெத்தை, பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே வாங்கப்படும் பொருள். ஆகவே தேவை எழும்போது முதலில் நினைவுக்கு வரும் பெயராக இருப்பதே இத்தொழிலில் பாதி வெற்றி. வானொலி விளம்பரங்களும், வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் சிறுவர்களுக்கான நன்கொடைத் திரட்டலும் இப்பெயரைப் பரப்பின. 2012 இல் சேக்ரமெண்டோ கிங்சு கூடைப்பந்து அணியின் அரங்கிற்கும் இப்பெயர் சூட்டப்பட்டது.

முந்நூறுக்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்திருந்த இந்நிறுவனத்தை 2014 இல் ஹியூஸ்டனின் மேட்ரஸ் பேர்ம் ஏறத்தாழ 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. பின்னர்ப் பெயர்ப்பலகைகள் மாற்றப்பட்டன. கடைகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகப் பெருகிவிட்ட நிலையில், மேட்ரஸ் பேர்ம் 2018 இல் திவால் பாதுகாப்புக் கோரி நூற்றுக்கணக்கான கடைகளை மூடியது. அரங்கம் 2022 இல் இடிக்கப்பட்டது.