பெருக்கல், வகுத்தல், வாக்கியக் கணக்கு கற்பித்தல் (விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரம்)

தொடக்கப் பள்ளிகளில் வாய்ப்பாடு முதலில், செய்முறை அடுத்து, வாக்கியக் கணக்கு கடைசியில் என்பதே வழக்கமான வரிசை. வகுத்தல் பிள்ளைகளுக்கு எட்டாமல் போவதற்கு இந்த வரிசையும் ஒரு காரணம். 50ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 2. ஆனால் 50 மூட்டை மணிலாவை (நிலக்கடலையை) நடைக்கு 8 மூட்டையாகத் திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏற்றிப்போக 7 நடை வேண்டும். கையில் 50 ரூபாய் இருந்தால் 8 ரூபாய்ப் பேனா 6தான் வாங்கலாம். 50 படி மணிலாவோ, மரக்காலுக்கு 8 படி என்ற பழைய அளவில், ஆறேகால் மரக்கால். மீதியை என்ன செய்வது என்பது கணக்கின் வாக்கியத்தில்தான் இருக்கிறது. இதற்குக் குறுக்குவழியாக, ‘ஆளுக்கு’ என்று வந்தால் வகு என்று சொல்லித் தருவதுண்டு. ‘ஆளுக்கு 6 நோட்டு, 4 பேருக்கு எத்தனை?’ என்று கேட்டதும் அது காலை வாரிவிடும்.

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம், பெருந்தொற்றுக்காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட வந்தது. ஆனால் வகுத்தலின் சிக்கல் பெருந்தொற்றுக்கும் முந்தையது. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ‘ஏசர்’ ஆய்வின்படி, இந்திய ஊரகப் பகுதிகளில் வகுத்தல் செய்யத் தெரிந்த ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் 2018இல் 27.9 விழுக்காடு, 2022இல் 25.6. பள்ளிகள் மூடப்படும் முன்பே ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் தடுமாறினர். அந்தச் சோதனையும் வெறும் எண்களால் ஆனது. எப்போது வகுக்க வேண்டும் என்பதை அது கேட்பதில்லை.

வாய்ப்பாடு மனப்பாடம் குறைந்ததே காரணம் என்போர் திண்ணைப் பள்ளியைச் சான்று காட்டுவார்கள். வாய்ப்பாடு வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஆறு நாலும் நாலு ஆறும் ஒன்றே என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் 24 மிட்டாயை 6 பேருக்குப் பங்கிடுவதும் ஆறாறாகப் பொட்டலம் கட்டுவதும் ஒரே கணக்கு என்பது பிடிபடும். ஆனால் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை ஒப்பித்த மாணவனைச் சுற்றி நெல்லளவும் நில அளவும் இருந்தன. பழைய கணித நூலான கணக்கதிகாரம் பலாப்பழத்தின் காம்பைச் சுற்றிய முள்ளை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்துச் சுளைகளின் எண்ணிக்கையைச் சொல்லச் சொல்கிறது. பழம் அதற்குக் கட்டுப்படுமா என்பது வேறு விஷயம். பெருக்கலும் வகுத்தலும் அங்கே ஒரு பொருளைப் பற்றிய கேள்வியிலிருந்தே பிறக்கின்றன. தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வாக்கியக் கணக்கு இரட்டைச் சுமை என்ற மறுப்புக்குக் கூடுதல் வலு உண்டு. அதற்காக அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை; இரண்டாம் வகுப்பில் வாய்மொழியாகவே கேட்கலாம், புளியங்கொட்டையை வைத்து விடை காணச் செய்யலாம், எழுத்தில் கொடுப்பதை வாசிப்பு கூடியபின் வைத்துக்கொள்ளலாம்.