கிளையில் பிறந்த சங்கம்

பெரிய சங்கங்கள் தலைநகரில் பிறக்கும், பிறகு ஊர் ஊராகக் கிளை பரப்பும் என்பதுதான் நாம் பழகிய வரிசை. ஒளியியல் துறையில் உலகறிந்த சங்கங்களுள் ஒன்றான அமெரிக்க ஒளியியல் சங்கம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பிறந்தது. முதலில் ஓர் ஊர்க்காரர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் நாடு தழுவிய சங்கம் முளைத்தது. இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் அதன் கிளைகள் இயங்குகின்றன. ஒரு துறைச் சங்கத்துக்கு ஊர்க்கிளை ஏன் உயிர்நாடி என்று கேட்பவர்களுக்கு இதன் பிறப்பே விடை சொல்லும்.

அந்த ஊர் ராச்செஸ்டர். நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரிக்குச் சற்றுத் தெற்கே, ஜெனசீ ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றின் அருவிகள் கொடுத்த விசையில் மாவு அரைத்து வளர்ந்த ஊர் அது. 1853இல், ஜெர்மனியிலிருந்து குடியேறியிருந்த ஜான் ஜேக்கப் பாஷ் என்பவரின் மூக்குக்கண்ணாடிக் கடை அங்கே தொடங்கியது. கையில் முதல் போதவில்லை. நண்பர் ஹென்றி லோம் 60 டாலர் கொடுத்துக் கைகொடுத்தார். இருவர் பெயரையும் சேர்த்து வளர்ந்த ‘பாஷ் அண்டு லோம்’ அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நுண்ணோக்கி, கேமரா லென்ஸ், தொலைநோக்கி என்று பலவற்றையும் செய்யும் பெரும் ஆலையாயிற்று. அதே ஊரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் கோடாக் கேமராவைக் கொண்டுவந்தார். கேமராவுக்கு லென்ஸ் வேண்டும், ஷட்டர் வேண்டும், ஃபிலிம் வேண்டும். அவற்றைச் செய்யும் பட்டறைகளும் சுற்றிலும் பெருகின. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, ஒளியை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த ஊராக அது மாறியிருந்தது.

ஆனால் அந்த அறிவு தனித்தனி அறைகளில் அடைபட்டுக் கிடந்தது. லென்ஸ் தேய்ப்பவருக்குக் கண்ணாடியின் குணம் விரல் நுனியில் தெரியும். அதை வடிவமைப்பவர் மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒளிக்கதிரும் எங்கே திரும்பும் என்று நாள்கணக்கில் கணக்குப் போடுவார். ஃபிலிமில் பூசும் ஒளியுணர் பால்மத்தை ஒரு வேதியியலாளர் அறிவார். கண்ணை மருத்துவர் அறிவார். தெருவிளக்கின் வெளிச்சத்தை அளக்கும் பொறியாளர் வேறு ஒருவர். இயற்பியலாளர்களுக்கு 1899இல் ஒரு சங்கம் வந்திருந்தது. விளக்கொளிப் பொறியாளர்கள் 1906இல் தங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொண்டார்கள். ஒளியியல் முழுவதற்குமான வீடுதான் இல்லை. இயற்பியல் கல்லூரிகளிலோ எக்ஸ்ரே, கதிரியக்கம், எலக்ட்ரான் என்று புதியவற்றின் பக்கம் எல்லோர் கண்ணும் திரும்பியிருந்தது. லென்ஸும் முப்பட்டகமும் பழைய பாடம் என்று ஒதுக்கப்பட்ட காலம் அது.

இதைப் பொறுக்க முடியாதவர் பெர்லி நட்டிங். விஸ்கான்சின் மாநிலத்தில் 1873இல் பிறந்த இயற்பியலாளர். வாஷிங்டனில் அரசின் தர அளவை நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். ஒளியியலைத் தொழிலோடு சேர்த்துப் பார்க்கும் நூல் ஒன்றை 1912இல் வெளியிட்டார். நாட்டுக்கென்று ஓர் ஒளியியல் சங்கம் வேண்டும் என்ற எண்ணம் வாஷிங்டனிலேயே அவருக்கு இருந்தது. ஆனால் அது அங்கே வேர் பிடிக்கவில்லை. தலைநகரில் அலுவலகங்கள் இருந்தன. கண்ணாடி உருக்குபவரும் லென்ஸ் தேய்ப்பவரும் ஃபிலிம் பூசுபவரும் அங்கே இல்லை.

அந்தச் சமயத்தில் ஈஸ்ட்மன் தம் ஆலைக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைக்க விரும்பினார். அதை நடத்த இங்கிலாந்திலிருந்து கென்னத் மீஸை அழைத்தார். மீஸ் பணிபுரிந்த ராட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனத்தை ஈஸ்ட்மன் விலைக்கு வாங்கிய பிறகே அவர் கடல் கடந்து வந்தார். அந்தக் கூடத்தில் நட்டிங்கும் சேர்ந்தார். வாஷிங்டனில் அவர் தேடியும் கிடைக்காத ஆட்கள் ராச்செஸ்டரில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். 1915 நவம்பரில், பயன்பாட்டு ஒளியியலின் வளர்ச்சிக்கான ராச்செஸ்டர் சங்கம் உருவாயிற்று. ஏறத்தாழ முப்பது பேர். விஞ்ஞானிகளும் கருவி செய்பவர்களும் கலந்த கூட்டம். வெவ்வேறு முதலாளிகளிடம் சம்பளம் வாங்குபவர்கள், சிலர் போட்டி நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள், ஒரே மேசையில் உட்கார்ந்து ஒளியைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையின் பெரிய கண்டுபிடிப்பு அந்த ஒப்புதல்தான்.

காலமும் அவர்களைத் துரத்தியது. 1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் வேண்டிய உயர்தரக் கண்ணாடிக்கு அமெரிக்கா பெரும்பாலும் ஜெர்மனியைத்தான் நம்பியிருந்தது. யேனா நகரில் கார்ல் ஸைஸ், எர்ன்ஸ்ட் அபே, ஓட்டோ ஷாட் ஆகியோர் அறிவியலையும் ஆலையையும் சேர்த்து வளர்த்த கலை அது. போர் அந்த வழியை அடைத்தது.

ஜன்னல் கண்ணாடி செய்யத் தெரிந்தவர்களால் லென்ஸ் கண்ணாடியும் செய்துவிட முடியாதா என்று கேட்கலாம். முடியவில்லை. மணலில் இரும்பு துளி கலந்தாலும் கண்ணாடியில் பச்சை ஏறும். உருக்கும் களிமண் பானை கரைந்தால் அதன் அழுக்கு உள்ளே இறங்கும். உருகிய குழம்பை இடைவிடாமல் கிளற வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரைப் பாகில் தண்ணீர் ஊற்றினாற்போல இழை இழையாக வரிகள் தங்கி, ஒளியை நெளித்துவிடும். அவசரமாக ஆறவிட்டால் உள்ளே இறுக்கம் நின்று, தேய்க்கும்போது வெடிக்கும். இத்தனையும் தாண்டி, ஒவ்வொரு வகைக் கண்ணாடியும் ஒளியை வளைக்கும் அளவு ஒவ்வொரு வார்ப்பிலும் மாறாமல் இருக்க வேண்டும். இரண்டு வகைக் கண்ணாடியைப் பொருத்தித்தான் லென்ஸ் காட்டும் உருவின் ஓரத்தில் தோன்றும் நிறப் பிசிறை நீக்குகிறார்கள். அந்த அளவு மாறினால் வடிவமைப்பாளர் போட்ட கணக்கு முழுவதும் வீண். உலைக்காரர், வேதியியலாளர், கணக்குப் போடுபவர், அளந்து பார்ப்பவர் ஆகிய நால்வரும் பேசிக்கொள்ளாமல் ஒரு நல்ல லென்ஸ் பிறக்காது என்பதை அந்தத் தட்டுப்பாடு எல்லோருக்கும் உணர்த்தியது.

1916இல் ராச்செஸ்டர் கூட்டம் தன்னை விரித்து அமெரிக்க ஒளியியல் சங்கமாயிற்று. நட்டிங் முதல் தலைவர். அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரில் கூட்டம் நடந்தது. 1917இல் சங்கத்தின் ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. ஒளியியலின் எல்லாக் கிளைகளிலும் அறிவைப் பெருக்குவது, பரப்புவது, ஆராய்பவர், வடிவமைப்பவர், செய்பவர், பயன்படுத்துபவர் அனைவரையும் ஒத்துழைக்க வைப்பது என்று அதன் நோக்கம் எழுதப்பட்டது. ஆய்வாளரோடு ஆலைக்காரரையும் பயனரையும் ஒரே வரியில் உட்காரவைத்த அந்த வாசகத்தில் ராச்செஸ்டரின் முத்திரை தெரிகிறது. கல்லூரிக்குள் மட்டும் பிறந்திருந்தால் அது அப்படி எழுதப்பட்டிருக்காது.

1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. தூரமானிக்கும் பெரிஸ்கோப்புக்கும் கண்ணாடி உடனே வேண்டும். வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில், பாறைகள் உருகி உறையும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்த விஞ்ஞானிகள் பாஷ் அண்டு லோமின் உலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பாறையும் கண்ணாடியும் சிலிக்காவின் பிள்ளைகள் ஆதலால் அவர்களுடைய அறிவு இங்கே நேராகப் பயன்பட்டது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஃப்ரெட் ரைட், நட்டிங்குக்கு அடுத்துச் சங்கத்தின் தலைவரானார். சங்கத்தின் பொருளாளராக முதலிலிருந்து 1932இல் மறையும் வரை இருந்தவர் அடால்ஃப் லோம். அறுபது டாலர் கொடுத்த ஹென்றி லோமின் மகன். இளம் ஆய்வாளர்களுக்கு இன்றும் அவர் பெயரில் பதக்கம் வழங்குகிறார்கள்.

போர் முடிந்த பிறகு சங்கம் செய்த வேலைகளில் இரண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்று நிறம். சாயக்காரர் சொல்லும் சிவப்பும் விளக்கு செய்பவர் சொல்லும் சிவப்பும் ஒன்றா? அதை எண்ணால் சொல்வது எப்படி? லியோனார்ட் ட்ரோலண்ட் தலைமையில் சங்கம் அமைத்த நிற அளவைக் குழு தன் அறிக்கையை 1922இல் வெளியிட்டது. 1931இல் உலகுக்குப் பொதுவான நிற அளவை முறை வகுக்கப்பட்டதற்கு முன்னே நடந்த உழைப்பில் அதற்கு முக்கிய இடம் உண்டு. மற்றொன்று ஒரு மொழிபெயர்ப்பு. பார்வை பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய பெருநூலை ஜேம்ஸ் சௌத்தால் பதிப்பாசிரியராக இருந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். சங்கம் அதை 1924, 1925 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக அச்சிட்டது. போரில் எதிரியாக நின்ற நாட்டின் அறிவைப் போர் முடிந்த சில ஆண்டுகளில் மதித்து எடுத்து வந்த செயல் அது. 1931இல் அமெரிக்க இயற்பியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஐந்து சங்கங்களில் இதுவும் ஒன்று.

சங்கம் நாடு முழுவதும் பரவியதால் ராச்செஸ்டர் கூட்டம் கரைந்துபோகவில்லை. அது ஊர்க்கிளையாகத் தொடர்ந்தது. கோடாக்கும் பாஷ் அண்டு லோமும் கொடுத்த பணத்தில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1929இல் ஒளியியல் நிறுவனம் தொடங்கியது. கைவேலையாக இருந்த படிப்புக்குப் பட்டம் கிடைத்தது. மற்ற நாடுகளும் தத்தம் வழியில் நடந்தன. லண்டனில் 1899லேயே ஓர் ஒளியியல் சங்கம் இருந்தது. ஜெர்மனியில் 1923இல் ஒன்று எழுந்தது. நாடுகளின் குழுக்களைச் சேர்த்து, பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1947இல் உருவாயிற்று. இந்திய ஒளியியல் சங்கம் 1965இல் கொல்கத்தாவில் பிறந்தது. அங்கும் வேர் ஓரிடத்தில்தான். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் துறையே அதன் தாய்வீடு.

இன்று ஒரு கிளை என்ன செய்கிறது? வெளியூர் ஆய்வாளர் ஒருவரைச் சொற்பொழிவுக்கு அழைக்கிறது. படிப்பை முடிக்கப்போகும் மாணவரையும் ஆட்களைத் தேடும் ஆலைக்காரரையும் சந்திக்க வைக்கிறது. பள்ளிகளுக்குப் போகிறது. இந்தக் கடைசி வேலைக்கு ராச்செஸ்டர் கிளை செய்து கொடுத்த கருவி ‘ஒளியியல் பெட்டி’. நிறம் எப்படித் தோன்றுகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும் எளிய பொருட்கள் நிறைந்த சிறு பெட்டி அது. வெள்ளை வெளிச்சத்தை வானவில்லாகப் பிரிக்கும், நுண்கோடுகள் நிறைந்த தாள் ஒன்று. விரலின் சூட்டில் நிறம் மாறும் திரவப் படிகத் துண்டு ஒன்று. ஒளியின் அதிர்வை ஒரே திசையில் விடும் இரண்டு வடிதாள்களும், நடுவில் வைக்க ஒட்டுநாடாவும்.

அந்த ஒட்டுநாடாவில் சாயம் எதுவும் இல்லை. ஆனாலும் இரு தாள்களுக்கு இடையே வைத்தால் ஊதா, பச்சை, மஞ்சள் என்று மின்னும். நாடாவுக்குள் நுழையும் ஒளி இரு கூறாகி, வெவ்வேறு வேகத்தில் ஓடி, வெளியே வரும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் அதிர்வின் திசை வெவ்வேறாக மாறியிருக்கும். இரண்டாவது தாள் அதில் சிலவற்றை விட்டு மற்றதைத் தடுக்கிறது. தாளைத் திருப்பினால் நிறம் மாறும். காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போவதில்லை. சின்ன உறைகளில் போட்டுப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் அம்மாவுக்கும் தங்கைக்கும் பிள்ளையே விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதுதான் திட்டம்.

இப்படி ஊரில் ஊன்றிய வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராச்செஸ்டரே சாட்சி. அங்கே முனைவர் பட்ட மாணவியாக இருந்த டோனா ஸ்ட்ரிக்லண்ட், ஆசிரியர் ஜெரார் மூருவோடு சேர்ந்து 1985இல் லேசர் துடிப்பை வலுவாக்கும் புது வழியை வெளியிட்டார். மிகக் குறுகிய துடிப்பை முதலில் நேரத்தில் நீட்டி, பிறகு பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்கும் முறை அது. கண் அறுவைச் சிகிச்சை வரை அது பயன்படுகிறது. 2013இல் அவர் ஒளியியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். 2018இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. நட்டிங் உட்கார்ந்த நாற்காலியில் அதே ஊரின் மாணவி உட்கார்ந்தார் என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நூறாண்டு விடாமல் நடந்த கூட்டங்களின், வகுப்புகளின், பட்டறைகளின் விளைச்சல் அது.

2021இல் சங்கம் நாட்டின் பெயர் இல்லாத ‘ஆப்டிகா’ என்ற பெயரைச் சூடியது. உறுப்பினர்கள் உலகெங்கும் இருக்கும்போது அது பொருத்தமே. ஆனால் பெயர் எவ்வளவு விரிந்தாலும் வேலை நடக்கும் இடம் ஊர்தான். நம் கல்லூரி ஒன்றில் ஒளியியல் மாணவர் கிளை தொடங்குபவர்கள் தலைமையகத்தின் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவரையும் கண் மருத்துவரையும் ஃபைபர் கேபிள் இணைப்பவரையும் பக்கத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியரையும் ஒரு மாலை ஒன்றாக உட்காரவைத்தால் போதும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தேவைப்படும் என்ற நம்பிக்கையோடு அடுத்த மாதமும் அவர்களைக் கூட்டினால், அங்கே சங்கம் பிறந்துவிட்டது. பதிவும் முத்திரையும் பின்னால் வரட்டும்.