மின்கிட்டாரின் கதை – 14: பழுதிலிருந்து பிறந்த ‘ஃபஸ்’

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஓவன் பிராட்லி நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்தை ‘குவான்செட் ஹட்’ என்றே எல்லோரும் சொன்னார்கள். ராணுவம் கழித்துவிட்ட அரைவட்டத் தகரக் கொட்டகை ஒன்றை வாங்கி, ஒரு வீட்டோடு ஒட்டி நிறுத்தி உருவாக்கிய கூடம் அது. மார்ட்டி ராபின்ஸ் அங்கே ‘டோன்ட் வொரி’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். மெதுவாகப் போகும், மனம் உடைந்தவனின் கன்ட்ரி பாட்டு. இடையிசைக்கு கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிட்டாரை எடுத்தார். அவர் விரல்களில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் கிட்டாரிலிருந்து கன்சோல் வழியாக வந்து சேர்ந்த ஒலி கிழிந்து, தடித்து, கரகரத்துக் கேட்டது. அந்தச் சானலில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருந்தது.

ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கரகரப்போடு அப்படியே விட்டார்கள். 1961இல் பாட்டு வெளிவந்து கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. இன்று கிட்டாரிஸ்டுகள் காலடியில் வரிசையாக வைத்திருக்கும் ஃபஸ் பெடல்களின் வம்சம் அந்தப் பழுதான டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொடங்குகிறது.

சென்ற வாரம் ஜிம் மார்ஷலின் கடையில், ஆம்ப்ளிஃபயரோடு நின்றோம். இந்த வாரம் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் வந்து உட்கார்ந்த பெட்டியைப் பார்ப்போம். கிட்டார் பழகும் இளைஞர்கள் பலருக்கும் ஓர் ஆசை உண்டு: 60களின் அந்த ராக் ஒலி தன் கையிலும் வர வேண்டும். கடைக்குப் போனால் நூறு பெடல் கண்ணாடிக்குப் பின்னால் மினுக்குகிறது. எதை எடுப்பது? விலையைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒவ்வொரு பழைய ஒலிக்குப் பின்னாலும் ஒரு குறிப்பிட்ட குறை இருக்கிறது. மின்னழுத்தம் போதாத குறை, டிரான்சிஸ்டர் கசியும் குறை, அடுத்த கருவியோடு ஒத்துப்போகாத குறை. அந்தக் குறையைத் திருத்திவிட்ட பெடலில் அந்த ஒலி வராது. நான் இந்த அத்தியாயத்தில் சொல்ல வருவது இதைத்தான்.

கரகரப்பு மீதான மோகம் நாஷ்வில்லுக்கு முன்பே இருந்தது. 1951இல் மெம்ஃபிஸில் சாம் பிலிப்ஸ் பதிவு செய்த ‘ராக்கெட் 88’ பாட்டில் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் அடிபட்டிருந்தது. ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள். 1958இல் லிங்க் ரே ‘ரம்பிள்’ இசைத்துண்டுக்காக ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பென்சிலால் குத்தித் துளைத்தார். லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒருபடி மேலே போய், ‘எல்பிகோ’ என்ற சின்ன ஆம்ப்பின் கூம்பை பிளேடால் கீறினார். 1964இல் வந்த ‘யூ ரியலி காட் மீ’ பாட்டின் முரட்டு ஒலி அந்தக் கீறலிலிருந்து வந்தது. இவையெல்லாம் ஒரே ஒரு ஆம்ப்போடு முடிந்துபோன வித்தைகள். ஸ்னாடிக்குத் தோன்றியதுதான் வேறு: பழுதைப் பெட்டியில் அடைத்து, வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூட முடிந்தால்?

அவருக்கு அதற்கு அவசரக் காரணமும் இருந்தது. மற்றவர்களும் அதே ஒலியைக் கேட்டு வரத் தொடங்கினார்கள். பழுதான டிரான்ஸ்ஃபார்மரோ ஒருநாள் முற்றிலும் செத்துப்போனது. ரெவிஸ் ஹாப்ஸ் என்ற இன்னொரு பொறியாளரோடு சேர்ந்து, மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை வைத்து அதே கரகரப்பை ஸ்னாடி மறுபடி உண்டாக்கினார். அதை எடுத்துக்கொண்டு சிகாகோவுக்குப் போய் கிப்சனின் தாய் நிறுவனத் தலைவர் மாரிஸ் பெர்லினிடம் காட்டினார். 1962இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ கடைக்கு வந்தது. ஆப்பு வடிவப் பெட்டி, மேலே காலால் மிதிக்கும் சுவிட்ச், இரண்டு திருகு.

உள்ளே நடப்பது எளிமையானது. தந்தி அதிர்ந்தால் அதன் மின் அலை மலை போல வளைந்து ஏறி இறங்கும். டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கும் பேட்டரி சிறியதாக இருந்தால் அந்த அலை அதற்குமேல் உயர முடியாமல் உச்சி தட்டையாக வெட்டப்படும். வெட்டிய இடத்திலிருந்து மேல் சுருதிகள் கொத்தாகக் கிளம்பும். அதுதான் காதுக்குக் கரகரப்பு. பலமாக மீட்டினாலும் மெல்ல மீட்டினாலும் வெட்டும் உயரம் ஒன்றுதான் என்பதால், ஓய வேண்டிய ஸ்வரமும் அதே பலத்தோடு நீள்கிறது. மேஸ்ட்ரோவில் இருந்தது 1.5 வோல்ட் செல் இரண்டு, மொத்தம் 3 வோல்ட். அந்தப் பற்றாக்குறையால் ஒலி வறண்டு, துப்பினாற்போல் கிளம்பி, சட்டென்று அறுந்துவிடும். இந்தச் சட்டென்று அறுவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிப்சனுக்கு இதை என்னவென்று சொல்லி விற்பது என்று தெரியவில்லை. கிட்டாரில் டிரம்பெட், டிராம்போன், டூபா ஒலிகளை வரவழைக்கும் கருவி என்று விளம்பரம் செய்தார்கள். முதல் ஆண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் கடைகளுக்குப் போயின. பிறகு அங்கேயே தூசி படிந்து கிடந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கிப்சனிடமிருந்து புதிதாக வாங்கிய கடைக்காரர் அநேகமாக யாருமில்லை. டிரம்பெட் வேண்டுமென்றால் டிரம்பெட் வாசிப்பவரைக் கூப்பிடுவார்களே தவிர, அதற்குக் கிட்டாரை ஏன் கூப்பிட வேண்டும்?

கதை திரும்பியது 1965 மே மாதம், ஹாலிவுட்டின் ஆர்.சி.ஏ. கூடத்தில். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸிடம் ஒரு பாட்டின் தொடக்க இசைக்கோவை இருந்தது. அதைப் பித்தளை ஊதுகருவிகள் வாசிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஊதுகருவிகள் எங்கே நுழையும், எப்படி ஒலிக்கும் என்று காட்டுவதற்காக மட்டும் மேஸ்ட்ரோ பெட்டியைக் காலடியில் போட்டு வாசித்தார். கிப்சன் விளம்பரத்தில் சொன்ன காரியத்தையே அவர் செய்தார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். குழுவினரும் மற்றவர்களும் மாதிரிக்கு வாசித்ததையே வெளியிடலாம் என்றார்கள். ரிச்சர்ட்ஸின் பேச்சு எடுபடவில்லை. ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. கடைகளில் தூங்கிக்கொண்டிருந்த பெட்டிகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. ரிச்சர்ட்ஸ் மனதில் கேட்ட ஊதுகருவிகளோடு அதே ஆண்டு அந்தப் பாட்டைப் பாடி வெளியிட்டவர் ஓட்டிஸ் ரெடிங். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ ஒலி வேண்டும் என்பவர், ஸ்வரம் நீண்டு பாடும் ஃபஸ் பெடலை வாங்கினால் பணம் வீண். அந்தப் பாட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் கிளம்பி, உடனே வெட்டுப்பட்டு நிற்கிறது. மேஸ்ட்ரோவின் அமைப்பையே பின்பற்றி, குறைந்த வோல்ட்டில் ஓடும் பெடல்தான் அதைத் தரும்.

லண்டன்காரர்களுக்கு அந்த அறுபடல் பிடிக்கவில்லை. மேஸ்ட்ரோவை வைத்திருந்த விக் ஃபிளிக் – ஜேம்ஸ் பாண்ட் இசையில் கிட்டார் வாசித்தவர் – ஸ்வரம் இன்னும் நீள வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். கேரி ஹர்ஸ்ட் என்ற பொறியாளர் அதே அமைப்பை 9 வோல்ட் பேட்டரிக்கு மாற்றி, 1965இல் ‘டோன் பெண்டர்’ பெடலைச் செய்தார். அந்தப் பெட்டிக்கும் நம் நாட்டு இசைக்கும் ஓர் உறவு உண்டு. யார்ட்பேர்ட்ஸ் குழு ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ பாட்டுக்காகச் சிதார் கலைஞரைக் கூடத்துக்கு வரவழைத்துப் பதிவும் செய்தது. மற்ற வாத்தியங்களுக்கு நடுவே சிதார் எழும்பவில்லை. அப்போது ஜெஃப் பெக் டோன் பெண்டரை மிதித்து, கிட்டாரில் சிதாரின் ரீங்காரத்தைக் கொண்டுவந்தார். அதுவே வெளிவந்தது, ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ வந்த அதே கோடையில். பின்னால் ஜிம்மி பேஜ் லெட் செப்பலின் குழுவின் முதல் ஆல்பத்தில் டெலிகாஸ்டர் கிட்டார், டோன் பெண்டர், ‘சூப்ரோ’ என்ற சிறிய ஆம்ப் ஆகியவற்றை வைத்தே அவ்வளவு பெரிய ஒலியை எழுப்பினார். பெரிய ஒலிக்குப் பெரிய ஆம்ப் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இனி, எல்லோரும் கேட்டுக் காத்திருக்கும் பெட்டி. 1966இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலைக் கொண்டுவந்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து வடிவமைத்த வட்டமான உலோக உடல். திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு திருகு. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உலகத்தைப் புரட்டிப் போட்டது இவ்வளவை வைத்துத்தான்.

பாகங்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு பாகத்தின் குணமும் வெளியே தெரியும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் கசியும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். காலையில் கனிந்து ஒலித்த பெடல், மேடை விளக்கின் சூட்டில் மாலையில் தடுமாறும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஜெர்மானியம் பெடலை வண்டிக்குள் விட்டுவிட்டு வந்தால், எடுத்த உடனே வாசிக்க முடியாது. ஆற விட வேண்டும். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய இரண்டு பெடல்கூட ஒன்றுபோல் ஒலிக்காது என்பதால், பல பெட்டிகளை வாசித்துப் பார்த்து ஒன்றைப் பொறுக்கும் வழக்கம் அன்று இருந்தது. பின்னால் வந்த ஃபஸ் ஃபேஸ்களில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டார்கள். வெயிலுக்கு அசையாது, ஒலி கூர்மையாகவும் சீற்றமாகவும் இருக்கும். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் 1973 ஆல்பத்தில் ‘டைம்’ பாட்டின் நீண்ட தனி வாசிப்புக்குப் பயன்படுத்தியது இந்த சிலிக்கான் வகைதான். எது மேல் என்ற சண்டை கிட்டாரிஸ்டுகளிடையே இன்றும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், மெல்லிய வாசிப்பும் முழக்கமும் ஒரே பாட்டில் வேண்டும் என்பவருக்கு ஜெர்மானியம். நின்று நீளும் ஒற்றை ஸ்வரங்களுக்கு சிலிக்கான்.

‘மெல்லிய வாசிப்பு’ என்றதற்குக் காரணம் இருக்கிறது. ஃபஸ் ஃபேஸின் நுழைவாயில் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து மின்சாரத்தை அளவுக்கு மீறி இழுக்கும். பொறியியல் கணக்கில் அது தவறான வடிவமைப்பு. ஆனால் அதனால்தான் கிட்டாரின் வால்யூம் திருகை 10லிருந்து 7க்கு இறக்கினாலே கரகரப்பு வடிந்து, பளிங்கு போன்ற தெளிந்த ஒலி வந்துவிடுகிறது. ஹென்ட்ரிக்ஸ் வாசிக்கும் படங்களைப் பாருங்கள். அவர் கை அடிக்கடி அந்தத் திருகுக்குப் போகும். இன்றைய பெடல்கள் பலவற்றில், மூடியிருக்கும்போதும் ஒலியைத் தாங்கிப் பிடிக்கும் ‘பஃபர்’ இருக்கிறது. அப்படி ஒன்றை ஃபஸ் ஃபேஸுக்கு முன்னால் வைத்தால் பிக்கப்போடு அதற்கிருந்த உறவு அறுந்துவிடும். திருகை இறக்கினாலும் ஒலி தெளியாது, கூர்மையாகிக் குத்தும். பெடல் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கும் பலர், இடம் மாற்றி வைத்துப் பார்த்திருந்தால் போதும். ஃபஸ் ஃபேஸ் முதலில் வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ஜெர்மானியம் அமைப்புகளில் பேட்டரியின் நேர்முனைதான் பெட்டியின் உடலோடு சேரும். மற்ற பெடல்களில் எதிர்முனை. இரண்டையும் ஒரே அடாப்டரிலிருந்து வயர் பிரித்துக் கொடுத்தால் ஷார்ட் ஆகும். அதற்குத் தனிப் பேட்டரி போடுவதே நல்லது.

ஹென்ட்ரிக்ஸின் ஒலி ஃபஸ் ஃபேஸோடு முடியவில்லை. பிரிட்டிஷ் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரோஜர் மேயர் என்ற இளைஞர் அவருக்காக ‘ஆக்டேவியா’ பெட்டியைச் செய்து கொடுத்தார். அது அலையின் கீழ்ப்பாதியையும் மேலே மடக்கிவிடும். ஓர் ஏற்றம் இருந்த இடத்தில் இரண்டு ஏற்றம் வருவதால், வாசித்த ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயி ஸ்வரமும் சேர்ந்து அலறும். 1967 பிப்ரவரியில் லண்டன் ஒலிம்பிக் கூடத்தில் ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டின் தனி வாசிப்பை இதை வைத்தே சேர்த்தார்கள். இன்று இதன் நகலை வாங்குகிறவர், கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கு மாறி, டோன் திருகை இறக்கி, பன்னிரண்டாம் கட்டைக்கு மேலே ஒற்றை ஸ்வரமாக வாசித்தால்தான் அந்த மேல் ஸ்தாயி பளிச்சென்று எழும். கீழே கார்டு பிடித்து வாசித்தால் குழம்பிய சத்தம்தான் வரும்.

பெடலை எவ்வளவு கவனமாகப் பொறுக்கினாலும் வீட்டில் வைத்து வாசிக்கும்போது ஏமாற்றமே வருகிறது என்பவர்கள் ஆம்ப்பைப் பார்க்க வேண்டும். ஹென்ட்ரிக்ஸின் ஃபஸ், 100 வாட் மார்ஷலுக்குள் போனது. அந்த ஆம்ப் ஏற்கெனவே உச்சத்தில் திணறிக்கொண்டிருந்தது. அதன் வால்வுகளே ஃபஸ்ஸின் கூர்முனைகளை மழுக்கின. அதே பெடலைப் படுக்கையறையில், சுத்தமான ஒலி தரும் ஆம்ப்பில், மெல்லிய சத்தத்தில் போட்டால் உச்சி வெட்டு மட்டும் தனித்துக் கேட்கும். கையில் ஒரே ஒரு செலவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பெடலைத் தள்ளிப்போட்டு, குறைந்த சத்தத்திலேயே திணறக்கூடிய 5 வாட் வால்வு ஆம்ப் ஒன்றை வாங்குங்கள் என்பேன்.

கடைசியாக ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 60களின் ஒலி என்று கேட்டால் ‘டியூப் ஸ்க்ரீமர்’ பெடலை எடுத்து நீட்டும் கடைக்காரர்கள் உண்டு. அருமையான பெடல்தான், ஸ்டீவி ரே வானின் காலடியில் இருந்தது. ஆனால் அது 70களின் இறுதியில் ஜப்பானில் பிறந்தது. அடி ஒலியைக் குறைத்து, நடு ஒலியை உயர்த்தி, ஏற்கெனவே திணறும் ஆம்ப்பை இன்னும் கொஞ்சம் தள்ளுவது அதன் வேலை. ஃபஸ்ஸின் கிழிசல் அதில் இல்லை. நியூயார்க்கில் மைக் மேத்யூஸ் 1969 வாக்கில் கொண்டுவந்த ‘பிக் மஃப்’ இதற்கு நேர் எதிர். நான்கு சிலிக்கான் டிரான்சிஸ்டர், அடுத்தடுத்து இரண்டு முறை உச்சி வெட்டு. நடு ஒலி உள்ளே குழிந்து, ஸ்வரம் முடிவில்லாமல் நீளும். கில்மர் ஃபஸ் ஃபேஸிலிருந்து இதற்கு மாறிய பிறகு வந்தவைதான் ‘அனிமல்ஸ்’ ஆல்பமும் ‘கம்ஃபர்ட்டப்ளி நம்’ பாட்டின் தனி வாசிப்பும். அந்த வாசிப்பில் பாதி அழகு, ஸ்வரத்தின் பின்னால் தொடரும் எதிரொலியில் இருக்கிறது.

அந்த எதிரொலிக்கும் ஒரு பெட்டி உண்டு. அதற்குள் நிஜமாகவே ஒலிநாடா ஓடியது, தேய்ந்தது, அறுந்தது. மைக் பேட்டலின் ‘எக்கோப்ளெக்ஸ்’ கதை அடுத்த வாரம்.

(தொடரும்)