ஆலய வாசலில் நின்ற பெற்றோர்



"அமெரிக்காவில் மோர்மன் பிள்ளைகள் மட்டும் எப்படி உரிய காலத்தில், அதுவும் தம் சபைக்குள்ளேயே மணம் முடிக்கிறார்கள், சாமி?" என்று நம் பங்கின் பெற்றோர் சிலர் வினவினர். அக்கேள்வியின் பின்னாலுள்ள கவலையை நான் அறிவேன். விடை காண வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இச்சபையை நிறுவினார். 1843-இல் அவர் இறைவெளிப்பாடு எனப் பதிவுசெய்த போதனையில் இரண்டு கூறுகள் இருந்தன. ஆலயத்தில் 'முத்திரையிடப்படும்' திருமணம் மரணத்திற்கு அப்பாலும் நீடிக்கும் என்பது ஒன்று. பலதார மணம் மற்றொன்று. மறு ஆண்டே அவர் வன்முறைக் கும்பலால் கொல்லப்பட்டார். 1847-இல் பிரிகாம் யங் தலைமையில் மக்கள் யூட்டா பாலைநிலத்தில் குடியேறினர். 1852-இல் பலதார மணம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. 1862 முதல் அமெரிக்க அரசு அதற்கு எதிராகச் சட்டங்கள் இயற்றியது. 1887-ஆம் ஆண்டுச் சட்டம் சபையின் சொத்துகளையே பறிக்க வழிவகுத்தது. 1890-இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். ஆயினும் நித்தியத் திருமணம் என்னும் போதனை நிலைத்துவிட்டது.

அதன் தாக்கம் எண்களில் தெரிகிறது. 2014-இல் பியூ ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பில், அமெரிக்கர் 100 பேரில் 48 பேர் மணவாழ்வில் இருந்தனர். மோர்மன்களில் 66 பேர். மணமான மோர்மன்களில் 82 விழுக்காட்டினரின் துணைவர் அதே சபையினர். போதனை மட்டுமே இதற்குக் காரணமன்று. மணமாகாத இளையோருக்கெனத் தனி வழிபாட்டுக் குழுக்கள் உண்டு. ஒரு மாலையைக் குடும்பத்துக்கென ஒதுக்கும் வழக்கம் 1915 முதல் வலியுறுத்தப்படுகிறது.

எனினும் இதற்கு ஒரு விலை இருந்தது. ஆலயத்துள் தகுதிபெற்ற உறுப்பினர் மட்டுமே நுழையலாம். வேற்று நம்பிக்கை கொண்ட பெற்றோர், தாம் பெற்ற பிள்ளையின் திருமணத்தன்று வெளியே காத்து நின்றனர். அவர்கள் காணும்படி முதலில் பொதுச்சட்டப்படி மணம் முடித்த அமெரிக்க இணையர், ஆலய முத்திரைக்கு ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. அவ்விதி 2019-இல்தான் நீக்கப்பட்டது. மேலும், தம் சபையின் வயதுவந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் துணையை இழந்தோர், மணமுறிவு பெற்றோர், இன்னும் மணமாகாதோர் என்று 2021-இல் அதன் தலைவர்களுள் ஒருவரே கூறினார்.

மோர்மன் போதனை நமதன்று. உயிர்த்தெழுந்தபின் மண உறவு இல்லை என்பதே சதுசேயருக்கு ஆண்டவர் அளித்த மறுமொழி. அவர்களது திருமுழுக்கையும் 2001-இல் உரோமை ஏற்க மறுத்தது. ஆனால், இளையோரை ஒன்றுகூட்டி உடன் நடக்கும் அவர்களது உழைப்பு நமக்கும் பாடமே. நம் பிள்ளைகள் சந்தித்துப் பழக நாம் எத்தனை மாலைகளை ஒதுக்கியுள்ளோம்?

வேற்றுச் சமயத்தவரை மணக்க விரும்பும் பிள்ளையை வீட்டு வாசலில் நிறுத்திவிடாதீர்கள். ஆயரின் அனுமதியோடு நடைபெறும் அத்தகைய திருமணத்தில், இரு வீட்டுப் பெற்றோரும் முன்வரிசையில் அமரலாம். மணமாகாதவரிடம் "எப்போது?" என்று கேட்பதையும் சற்றே நிறுத்துவோம், அவரும் நம் பங்குக் குடும்பமே.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை